பால்மாவா, ரெடிமேட் போத்தலா? வெள்ளவத்தைத் தாய் ஒருவருக்குப் பதில்

வெள்ளவத்தையில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். பிள்ளைக்கு ஐந்து கிழமை. மாதம் நிறைந்து பிறந்த பிள்ளைதான், ஆனால் நிறை ஏறுவது போதாது என்று டொக்டர் தாய்ப்பாலோடு பால்மாவும் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் கனடாவில் இருந்து வரும் அக்கா, "பால்மா வாங்காதே, நான் ரெடிமேட் போத்தல் கொண்டு வாறன், அதுதான் சுத்தம்" என்கிறாராம். தண்ணி சேர்க்காமல் அப்படியே குடிக்கக் கொடுக்கிற திரவக் குழந்தைப் பாலைத்தான் அவர் சொல்கிறார். அம்மாவோ, "நீங்கள் எல்லாரும் பால்மா குடிச்சுத்தானே வளர்ந்தனீங்கள், அந்தக் காசைக் கொட்டத் தேவையில்லை" என்கிறாராம். இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு எதை எடுப்பது என்று கேட்கிறார்.

நான் பிள்ளைகள் வார்டில் தாதியாக வேலை செய்தவள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றாடத்துக்குப் பால்மாவையே எடுங்கள், ஆனால் அதைச் சுடுநீரில் கலக்கிற முறையை இன்றைக்கே திருத்துங்கள். அக்கா கொண்டு வருவதைப் பயணத்துக்கும், கரண்ட் போகும் நாளுக்கும், வீட்டில் யாருக்கும் கை ஓயாத இரவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சத்து. ஒரே கொம்பனியின் ஒரே வகைப் பாலை எடுத்தால், மாவாக வந்தாலும் திரவமாக வந்தாலும் பிள்ளைக்குப் போவது ஏறத்தாழ ஒன்றுதான். கோடெக்ஸ் எனப்படும் சர்வதேச உணவுத் தரம், குடிக்கத் தயாரான 100 மில்லிலீற்றர் குழந்தைப் பாலில் 60 முதல் 70 கிலோகலோரி வரை இருக்கவேண்டும் என்று வரையறுக்கிறது. இரண்டும் அதற்குள்தான் வரும். போத்தல் பால் கொஞ்சம் தடிப்பாகவும் மங்கிய பழுப்பு நிறமாகவும் தெரியும். கிருமி நீக்கக் கடுமையாகச் சூடாக்கும்போது பாலில் உள்ள சீனியும் புரதமும் சேர்ந்து நிறம் மாறுவதால் அப்படி. அதைப் பார்த்து "இதில்தான் சத்துக் கூட" என்று நினைக்க வேண்டாம். மாற்றிக் கொடுக்கும்போது மலத்தின் நிறமும் இறுக்கமும் இரண்டொரு நாள் வேறுபடலாம், அதற்கும் பயப்படத் தேவையில்லை.

வித்தியாசம் கிருமியில் இருக்கிறது. அக்கா சுத்தம் என்று சொல்வது இந்த ஒரு விடயத்தில் சரி. மூடி திறக்காத ரெடிமேட் போத்தல் கிருமி நீக்கப்பட்டது. பால்மா அப்படி இல்லை. சீல் உடைக்காத புது டின்னிலும்கூட மிக அரிதாகக் குரோனோபக்டர், சல்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம். குரோனோபக்டர் உலர்ந்த மாவுக்குள் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஈரமும் இளஞ்சூடும் கிடைத்தால் பெருகும். தொழிற்சாலையில்தான் வரவேண்டும் என்றும் இல்லை, ஈரக் கரண்டியால், சிங்க் ஓரத்தால், துடைக்கிற துணியால் வீட்டிலும் டின்னுக்குள் போகும். 2022 பெப்ரவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அபொட் தொழிற்சாலை ஒன்றில் தயாரான சிமிலாக் உள்ளிட்ட பால்மாக்களைத் திருப்பி எடுத்தது இந்தக் கிருமிப் பயத்தால்தான். அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டதும், வெளிநாட்டில் இருந்து விமானத்தில் பால்மா இறக்குகிற அளவுக்கு அங்கே தட்டுப்பாடு வந்தது. வெளிநாட்டு டின் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்கிற எண்ணம் நம்மிடம் கொஞ்சம் கூடத்தான்.

இந்த நோய் வருவது அபூர்வம். வந்தால் இரத்தத்திலும் மூளை உறையிலும் பிடிக்கும், சின்னப் பிள்ளை தாங்காது. கூடுதல் ஆபத்தில் இருப்பவர்கள் இரண்டு மாதம் நிறையாத பிள்ளைகள், மாதத்துக்கு முன் பிறந்தவர்கள், நிறை குறைந்து பிறந்தவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள். இவர்களுக்கு ரெடிமேட் கிடைத்தால் அதையே கொடுங்கள் என்றுதான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையமும் சொல்கிறது.

இனிக் கணக்குப் பாருங்கள் தங்கச்சி. உங்கள் பிள்ளைக்கு இப்போது ஐந்து கிழமை. அக்கா வந்து பெட்டியைத் திறக்கும்போது ஒன்பது, பத்துக் கிழமை ஆகியிருக்கும். ரெடிமேட் போத்தலால் மிகக் கூடிய பயன் கிடைக்கிற காலம் அவர் விமானம் ஏறுவதற்கு முன்பே முடிந்துவிடும். அதனால் அக்கா எதைக் கொண்டு வருவார் என்பதைவிட, இந்த நாலு கிழமையும் உங்கள் குசினியில் பால் எப்படிக் கலக்கப்படுகிறது என்பதுதான் பெரிய விடயம். பிள்ளை மாதம் நிறையாமல் பிறந்திருந்தால் என் பதிலே வேறாக இருந்திருக்கும். டொக்டரிடம் கேட்டு எங்கிருந்தாவது ரெடிமேட் எடுப்பிக்கச் சொல்லியிருப்பேன்.

கொழும்பு வீடுகளில் நான் கூடுதலாகக் காண்கிற பழக்கம் இது. பிளாஸ்க்கில் கொஞ்சம் சுடுதண்ணி, ஜக்கில் ஆறவைத்த தண்ணி. இரண்டையும் போத்தலில் விட்டு, குடிக்கிற சூடு வந்ததும் மாவைப் போட்டுக் குலுக்குவது. தண்ணி கொதித்ததுதான், அதில் குறையில்லை. ஆனால் மாவில் கிருமி இருந்தால் அந்த இளஞ்சூட்டுத் தண்ணி அதைக் கொல்லாது, வளர்க்கும். உலக சுகாதார ஸ்தாபனம் 2007இல் வெளியிட்ட வழிகாட்டி, மாவில் படுகிற தண்ணி 70 பாகை செல்சியசுக்குக் குறையக்கூடாது என்கிறது. தண்ணியைக் கொதிக்க வைப்பது தண்ணிக்காக, சூடாக ஊற்றுவது மாவுக்காக.

செய்வது கடினம் இல்லை. கேத்தலில் ஒரு லீற்றர் அளவு புதுத் தண்ணி பிடித்து நன்றாகக் கொதிக்க விடுங்கள். இறக்கி அரை மணித்தியாலத்துக்குள் எடுத்தால் 70க்கு மேல் இருக்கும். கால் கேத்தல் மட்டும் வைத்தால் கெதியாக ஆறிவிடும், கவனம். கிருமி நீக்கிய போத்தலில் முதலில் தண்ணியை அளவுக்கு விடுங்கள், பிறகு மாவு. மாவை முதலில் போட்டுத் தண்ணி விட்டால் கோடு வரைக்கும் விடும் தண்ணி குறைந்து பால் தடித்துவிடும். கரண்டியை அமுக்காமல், மேலே தட்டையாக வழித்து எடுங்கள். மூடிக் குலுக்கி, போத்தலின் மூடிக்குக் கீழே குழாய்த் தண்ணி ஓட விட்டு ஆற்றுங்கள். மணிக்கட்டின் உட்பக்கம் ஒரு துளி விட்டுப் பார்த்தால் சூடு தெரியக்கூடாது. மைக்ரோவேவ் வேண்டாம், வெளியே ஆறியதுபோல் இருக்க நடுவில் கொதித்துக்கொண்டிருக்கும்.

இரவுக்குக் கொதித்த தண்ணியை நல்ல பிளாஸ்க்கில் நிரம்ப ஊற்றி இறுக மூடி வையுங்கள். சமையல் தெர்மோமீற்றர் ஒன்று வாங்கி, உங்கள் பிளாஸ்க்கில் எத்தனை மணித்தியாலம் 70க்கு மேல் நிற்கிறது என்று ஒரு தடவை அளந்து பார்த்தால் நிம்மதி. பழைய பிளாஸ்க் பெரும்பாலும் ஏமாற்றும்.

சில டின்களில் இன்னும் ஆறிய தண்ணியில் கலக்கச் சொல்லி அச்சிட்டிருக்கும். நன்மை செய்யும் பக்டீரியா என்று சேர்த்திருப்பது சூட்டில் செத்துவிடும் என்பதுதான் காரணம். இரண்டு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு அந்த நன்மையைவிட 70 பாகை முக்கியம் என்பது என் நிலைப்பாடு. உங்கள் டொக்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கலந்த பால் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடியவேண்டும். பிள்ளை வாய் வைத்துவிட்டால் ஒரு மணித்தியாலம்தான், மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். இதில்தான் அம்மம்மாமாருக்கு மனம் கேட்காது, "முக்கால் போத்தல் கிடக்கு" என்று மூடி வைப்பார்கள். பால்மா விலை அப்படி, அவர்களைக் குறைசொல்ல முடியாது. அதற்குப் பரிகாரம் குறைவாகக் கலப்பது. அறுபது மில்லிலீற்றர் கலந்து, தேவையானால் இன்னும் முப்பது கலக்கலாம். முன்கூட்டியே கலக்கத்தான் வேண்டும் என்றால் உடனே ஆற்றி பிரிட்ஜின் உள்பக்கம் வைத்து 24 மணித்தியாலத்துக்குள் பயன்படுத்துங்கள், கதவுத் தட்டில் வேண்டாம்.

ஃபில்டர் தண்ணி, போத்தல் தண்ணி என்று பலர் கேட்பார்கள். இரண்டும் கிருமி நீக்கியவை அல்ல, இரண்டையும் கொதிக்க வைத்தே ஆகவேண்டும். கொழும்புக் குழாய்த் தண்ணியைக் கொதிக்க வைத்தால் போதும், அதற்கு மேல் செலவு செய்யத் தேவையில்லை.

திறந்த டின்னை ஒரு மாதத்துக்குள் முடியுங்கள், திறந்த திகதியை மூடியில் எழுதி வையுங்கள். கடற்கரைப் பக்க வீடுகளில் ஈரக்காற்று கூட, மாவு கட்டி பிடிக்கும் என்று சிலர் டின்னைப் பிரிட்ஜில் வைக்கிறார்கள். வைக்கக்கூடாது, வெளியே எடுக்கும்போது உள்ளே ஈரம் கோர்க்கும். எறும்புக்கு, டின்னைத் தண்ணித் தட்டில் நிறுத்துகிற பழைய முறையே போதும்.

அக்கா கனடாவில் இருந்து பால்மாவே கொண்டு வந்தாலும் ஒரு அபாயம் இருக்கிறது. இங்கே கிடைக்கிற பல டின்களில் ஒரு கரண்டிக்கு 30 மில்லிலீற்றர் தண்ணி. அமெரிக்க, கனடாத் தயாரிப்புகள் பலவற்றில் கரண்டி பெரிது, ஒன்றுக்கு 60 மில்லிலீற்றர். கனடாக் கரண்டியால் இங்கத்தைய மாவை முப்பதுக்கு ஒன்று என்று அள்ளினால் பால் கடும் தடிப்பாகும், பிள்ளைக்கு உடல் நீர் வற்றும், மலம் இறுகும். மாறி நடந்தால் பால் தண்ணியாகும், அது நாட்கணக்கில் தொடர்ந்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரைக்கும் போகலாம். வீட்டில் இரண்டு டின் இருந்தால் கரண்டி மாறாமல் இருக்க வழியே இல்லை. ஒன்று முடிந்த பிறகுதான் மற்றதைத் திறக்கவேண்டும், பழைய கரண்டியை அன்றைக்கே எறிந்துவிடுங்கள்.

சரி, முழுக்க ரெடிமேடுக்கே மாறினால்? நாலரைக் கிலோ நிறையுள்ள பிள்ளை தாய்ப்பால் இல்லாமல் போத்தலிலேயே குடித்தால், கிலோவுக்கு 150 மில்லிலீற்றர் என்று பார்க்க நாளுக்கு 675 மில்லிலீற்றர், மாதத்துக்கு ஏறத்தாழ 20 லீற்றர். போத்தலின் பாரத்தைச் சேர்க்காமலே 20 கிலோவுக்கு மேல். 23 கிலோப் பெட்டி ஒன்று முழுக்கப் பால் அடைத்துக் கொண்டு வந்தாலும் பிள்ளைக்கு ஒரு மாதத்துக்குத்தான் காணும். அதே 20 லீற்றருக்கு 900 கிராம் பால்மா டின் மூன்று போதும், ஒரு டின்னில் ஆறரை லீற்றர் அளவு வரும். கொழும்பில் ரெடிமேட் பால் நினைத்த நேரத்துக்குக் கடையில் எடுக்கிற சாமான் அல்ல. ஆள் வரும்போது கிடைக்கிறதை நம்பிப் பிள்ளையின் சாப்பாட்டைத் திட்டமிட முடியாது. விலையும் அங்கேயே பால்மாவைவிடப் பல மடங்கு.

ரெடிமேட் எடுத்தால் வேலை மிச்சம் என்பதும் பாதி உண்மைதான். ஏற்கனவே கிருமி நீக்கிய சூப்பி பூட்டக்கூடிய 59 மில்லிலீற்றர் சின்னப் போத்தல் என்றால் திறந்து அப்படியே கொடுக்கலாம். 237 மில்லிலீற்றர் போன்ற பெரிய போத்தலில் இருந்து ஊற்றிக் கொடுப்பதென்றால் உங்கள் போத்தலையும் சூப்பியையும் பத்து நிமிடம் அவித்தே ஆகவேண்டும். திறந்த பிறகு பிரிட்ஜில் வைத்து 48 மணித்தியாலத்துக்குள் முடிக்கவேண்டும். அதன் நடுவில் நீண்ட நேரம் கரண்ட் போனால் அந்தப் போத்தலை மறந்துவிடுங்கள். சூடாக்கத் தேவையில்லை, அறை வெப்பத்திலேயே கொடுக்கலாம். பச்சைத் தண்ணிபோல இருக்கே, சளி பிடிக்கும் என்று அம்மா சொல்வார். பிடிக்காது.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். ரெடிமேட் பால் என்று கேட்டுக்கொண்டு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனால் தட்டில் இருப்பது அம்பேவெல, கொத்மலை, ஹைலன்ட் பால் பைக்கற்றுகள். அவை பெரியவர்கள் குடிக்கும் பசுப்பால், குழந்தைப் பால் அல்ல. தேத்தண்ணிக்குப் போடுகிற முழுக் கொழுப்புப் பால்மாவும் அல்ல, ரின்பால் அறவே அல்ல. ஒரு வயதுக்கு முன் பசுப்பாலையே முக்கிய பாலாகக் கொடுத்தால் இரும்புச்சத்துக் குறையும், குடலில் கண்ணுக்குத் தெரியாமல் இரத்தம் கசியலாம், சிறுநீரகத்துக்கும் பாரம். 2022இல் இங்கே பால்மா தட்டுப்பாடு வந்தபோது கிடைத்ததைக் கரைத்துக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு வேண்டியது 1 என்று இலக்கமிட்ட குழந்தைப் பால்மா. பிறகு 2, 3 என்று ஏறச் சொல்லிக் கடையில் சொல்வார்கள். பிரிட்டனின் பொதுச் சுகாதார சேவை, முதல் கட்டப் பாலே ஒரு வயது வரை போதும் என்று சொல்கிறது. ஒரு வயதுக்குப் பிறகு விற்கிற வளரும் பிள்ளைப் பாலை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

ரெடிமேட் உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் ஒன்று யாழ்ப்பாணப் பயணம். நல்லூர்த் திருவிழாவுக்கோ பிள்ளையைக் காட்டவோ ஊருக்குப் போவீர்கள். குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரில், தோட்டப் பசளையாலும் மலக்குழிக் கசிவாலும் நைட்ரேட் கூடிய கிணறுகள் பல. உலக சுகாதார ஸ்தாபனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம், அதைத் தாண்டிய கிணறுகள் அங்கே ஆய்வுகளில் பதிவாகியிருக்கின்றன. நைட்ரேட் கூடினால் சின்னப் பிள்ளையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது, தண்ணி வற்ற இன்னும் செறியும். பெரியம்மா வீட்டுக் கிணறு எவ்வளவு தித்திப்பாக இருந்தாலும் பிள்ளையின் பாலுக்கு அது வேண்டாம். நாலைந்து நாளுக்கு அளவாக ரெடிமேட் கொண்டு போங்கள், இல்லாவிட்டால் உப்புச்சத்துக் குறைந்த போத்தல் தண்ணி வாங்கிக் கொதிக்க வைத்துக் கலவுங்கள்.

மற்றது வெள்ளமும் கரண்டும். 2016 மே மாதம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் வீடுகள் மூழ்கியபோது, சுத்தமான தண்ணியும் அடுப்பும் ஒன்றாக இல்லாமல் போயின. 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, காஸ் சிலிண்டருக்கு வரிசை. அப்படியான நாளுக்கு இரண்டு மூன்று நாள் பால் அலுமாரியில் மூடியபடி இருப்பது பெரிய பலம். வெயில் படாத, அடுப்புக்குத் தள்ளிய இடத்தில் வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போக வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். டொக்டர் பால்மா சேர்க்கச் சொன்னார் என்பதற்கு மார்பில் கொடுப்பதைக் குறைக்கவேண்டும் என்று அர்த்தம் இல்லை. பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும், போத்தல் கூடக்கூட மார்புப் பால் குறையும். முதலில் மார்பு, பிறகு போத்தல் என்ற ஒழுங்கை விடாதீர்கள். அரச மகப்பேற்று மருத்துவமனைகளில் தாய்ப்பாலூட்டலுக்கு உதவும் பிரிவுக்குப் போய்ப் பிள்ளை பிடிக்கிற விதத்தை ஒரு தடவை காட்டுங்கள். உங்கள் பகுதி மிட்வைஃபிடம் கேட்டாலும் வழி சொல்வார். நிறை ஏறாததற்குப் பால் குறைவு காரணமாக இல்லாமல், பிள்ளை சரியாகப் பிடிக்காதது காரணமாக இருப்பதை நான் நிறையக் கண்டிருக்கிறேன். 84 வேலை நாள் லீவு முடிந்து கந்தோருக்குத் திரும்பும்போது கறந்து வைக்கவும் அது உதவும். கறந்த தாய்ப்பால் அறை வெப்பத்தில் நாலு மணித்தியாலம் வரை, பிரிட்ஜில் நாலு நாள் வரை இருக்கும். மாவும் வேண்டாம், 70 பாகையும் வேண்டாம்.

பிள்ளைக்குக் காய்ச்சல், பால் குடிக்க மறுப்பு, அசாதாரணமான அழுகை, எழுப்பினாலும் எழும்பாத சோர்வு, இதில் எது வந்தாலும் எந்தப் பால் கொடுத்தீர்கள் என்று யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பொரளைச் சிறுவர் மருத்துவமனை இரவு பகல் திறந்திருக்கும்.

அக்காவுக்கு இன்றைக்கே ஒரு மெசேஜ் போடுங்கள். ஒரு பெட்டி நிறைய வேண்டாம், சூப்பி பூட்டும் சின்னப் போத்தல் ஒரு அட்டைப்பெட்டியும் 237 மில்லிலீற்றர் போத்தல் கொஞ்சமும் போதும். திகதி குறைந்தது ஆறு மாதம் தள்ளி இருக்கட்டும். வந்ததும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். மூடி உப்பியது, சீல் தளர்ந்தது, குலுக்கியும் திரிந்ததுபோல் பிரிந்து நிற்பது எதையும் கொடுக்க வேண்டாம். எல்லாவற்றையும்விட முக்கியம், லேபலில் "ரெடி டு ஃபீட்" என்று இருப்பதை அவர் பார்த்து எடுக்கவேண்டும். கனடாக் கடைகளில் அதே தட்டில், அதே நிறத்தில் "கொன்சன்ட்ரேட்" என்றும் ஒரு திரவப் பால் இருக்கும். அது சமஅளவு தண்ணி சேர்த்துக் கொடுக்கவேண்டிய செறிவுப் பால். அதை ரெடிமேட் என்று நினைத்து அப்படியே போத்தலில் ஊற்றினால் இரண்டு மடங்கு தடித்த பால் பிள்ளைக்குப் போகும். வாங்குவதற்கு முன் லேபலைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.